பச்சை

காலை ஏழு மணிக்குத்
தொடைவரை இறங்கி நிற்க வேண்டும்.
பாட்டிலைக் கவிழ்த்தபடி கொண்டுபோய்
முழங்கை ஆழத்தில் திருப்பி
அலை வரும் பக்கம் வாயைக் காட்ட வேண்டும்.
மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது.
கலீசியாவின் கடல்
ஜூன் மாதத்திலும் எலும்புவரை வந்து விசாரிக்கும்.
நகராட்சி எனக்குச் சம்பளம் தருவது இதற்கு.
இதற்கும், குப்பைத்தொட்டிகளை எண்ணுவதற்கும்.

நீலக்கொடிக்கு விண்ணப்பிப்பது என்று
மரேசெடா முடிவு செய்தது ஒரு பிப்ரவரி மழையில்.
கொடி ஏறினால் ஜெர்மன்காரர்கள் வருவார்கள்
என்றான் மதுக்கடை எலாதியோ.
வந்து என் மட்டிகளை மிதிப்பார்கள்
என்றாள் டோசிந்தா,
ஈர பூட்ஸோடு, கடைசிவரை உட்காராமல்.

சாய்தளம் போட்டோம். கழிப்பறை கட்டினோம்.
நான்கு மொழிகளில் பலகை,
நான்கிலும் ஒரு பிழையாவது.
கரை ஒதுங்கும் கடற்பாசியை
அள்ளாமல் விடச் சொன்னது விதிப்புத்தகம்.
முப்பது வருடம் டிராக்டர் வைத்து அள்ளிவிட்டு
அதைத்தானே சுத்தம் என்றிருந்தோம்!

எல்லாம் சரி.
ஆய்வகத் தாள் மட்டும் சரியில்லை.
வடக்குப் பாறைப் பக்கம் நல்ல எண்.
ஓடை கடலில் விழும் இடத்தில்
சொல்லக் கூசும் எண்.

'பாறைப் பக்கமே மொண்டுவிடேன் சபேலா,
அதுவும் இதே கடல்தானே' என்றான் எலாதியோ.
இதே கடல்தான்.
ஆனால் குழந்தைகள் உட்காருவது ஓடைமுகத்தில்,
அங்கேதான் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பு.

என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது.
முதலில் எலாதியோவின் கடை,
பிறகு கூடார முகாம்,
மேட்டில் பன்றி வளர்க்கும் பிராய்ஸ்,
கோடையில் மட்டும் திறக்கும் மாட்ரிட்காரர் வீடுகள்.
பட்டியல் எழுதிய கையின் வீடு
பட்டியலில் இல்லை.

தீங்கில்லாத சாயம், கிளிப்பச்சை.
கழிப்பறையில் ஒரு புட்டி ஊற்றித்
தண்ணீர் விட்டுவிட்டு
ஓடையோரம் காத்திருக்க வேண்டும்.
ஒருநாளுக்கு ஒரு வீடு.
எலாதியோ கடை: ஒன்றுமில்லை.
மன்னிப்புப் போல ஒரு காபி குடித்தேன் அங்கே.
முகாம்: இல்லை.
பிராய்ஸ்: இல்லை, பன்றிகள்மேல் ஆணையாக.

பதினோராம் நாள், கணக்குக்காக,
என் வீட்டில் ஊற்றினேன்.
மணலுக்கு இறங்கி வந்தபோது
வாரியோடு குனிந்திருந்த டோசிந்தா நிமிர்ந்தாள்.
பேசவில்லை.
வாரியின் காம்பால் காட்டினாள்.

மணலுக்கு நடுவே நூல்போல,
பிறகு நாடாபோல,
பிறகு வெட்கமே இல்லாமல்
பச்சை.

சமையலறைச் சுவரோரம் ஒரு ஹைட்ரேஞ்சியா.
வருடாவருடம் தலையளவு பூக்கும்.
தெருவே பதியன் கேட்டு வரும்.
என்ன உரம் போடுகிறாய் என்பார்கள்,
ஒன்றுமில்லை என்பேன் பெருமையாக.
தோண்டினோம்.
அதன் வேர் பிடித்திருந்தது
விரிசல் விட்ட தொட்டியை.

அறிக்கையை நானே எழுதினேன்.
கசிவின் மூலம்: வீட்டு எண் பதினொன்று.
உரிமையாளர் என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
அந்த வருடம் கொடி இல்லை.
'என் மட்டிகள் எத்தனை வருடம்
சுத்திகரிப்புத் தொட்டியில் இரண்டு நாள் கூடுதலாகக் கிடந்தன,
அந்தக் கட்டணம் யார் கட்டினது தெரியுமா'
என்று டோசிந்தா கேட்டது ஒரே ஒரு தடவை.
தெரியும் என்றேன்.
அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த ஆண்டு கொடி வந்தது,
அட்டைப்பெட்டியில், மடிப்புக் கலையாமல்.
ஏற்றிய அன்று காற்றே இல்லை.
காயப்போட்ட துண்டுபோலத் தொங்கியது.
மேயர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்,
அதனாலாவது அசையட்டும் என்பதுபோல.

ஜெர்மன்காரர்கள் இன்னும் வரவில்லை.
ஒரு டேனிஷ் பெண் வந்தாள், இரண்டு குழந்தைகளோடு.
தண்ணீர் நல்லதா என்று கேட்டாள்.
கொடியைக் காட்டியிருக்கலாம்.
'போன வியாழக்கிழமை நன்றாக இருந்தது' என்றேன்.
அவள் சிரித்தாள்.
நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.