புள்ளிக்கோடு

பழைய தேர்தல் பதாகையின் பின்பக்கத்தை விரித்து
நான்கு மேசைகளை மூடியிருந்தார்கள்.
பரிசுச்சாந்து ஒரு மூடை, குளத்துக் களி,
மூன்று வாளித் தண்ணீர்.
வாகரைப் பாடசாலையில் சனிக்கிழமை:
பதினொரு ஆசிரியர்கள், எண்ண நிற்காத பிள்ளைகள்,
சித்திரக்காரர் இருவர் என்று பட்டியலில் இருந்தது.
மற்றவர் வரவில்லை.

நீர்யானையின் கடைவாய்ப் பல்.
இரத்தினபுரி மாணிக்கக் குழியில் வந்ததன் வார்ப்பாம்.
கைமாறிக் கைமாறி என்னிடம் சேரும்போது
அதில் மாங்காய்க்குத் தூவிய மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது.
"எங்கட நாட்டிலயா நீர்யானை?"
"ஓம், இருந்தது."
"என்ன நிறம்?"
"தெரியாது" என்றார் விரிவுரையாளர் ஸிஹாறா,
விரலில் இருந்த வெண்கட்டித் தூளை ஊதிக்கொண்டே,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.
அந்த வகுப்பறை அப்படியொரு தெரியாதை
அதுவரை கேட்டதில்லை.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

குலேந்தினி ரீச்சர் எழும்பினார்:
"தெரியாது எண்டு எழுதினா
நாங்க எப்பிடி மிஸ் புள்ளி போடுறது?"

"புள்ளிதான் போடவேணும்."
கரும்பலகையில் பல்லை அழுத்தமான கோட்டில் கீறினார்.
பிறகு வெண்கட்டி நுனியால் டொக் டொக் டொக்கென்று
தாடை, நெற்றி, பானை வயிறு,
பலகை முடிந்துபோன இடத்தில் பாதி வால்.
கையில் இருப்பது கோடு.
இருந்திருக்கலாம் என்பது புள்ளி.
ஒன்றை மற்றதாகக் காட்டினால் பொய்.

பாதி வாலுக்குத்தான் பிள்ளைகள் சிரித்தார்கள்.
நான் பென்சிலைத் தீட்டிக்கொண்டிருந்தேன்,
ஏற்கனவே கூராக இருந்ததை.

கடல் வந்து போன மூன்றாம் மாதம்
நாவலடித் தாய் ஒருவர்
கல்லடியில் என் வீடு தேடி வந்தார்.
படம் ஒன்றும் மிஞ்சவில்லை,
சொல்லச் சொல்லக் கீறித் தாங்க என்றார்.
புருவம் சொன்னார்.
முன்பல்லுக்கிடையில் இருந்த நீக்கல் சொன்னார்.
காதைக் கேட்டபோது
நெடுநேரம் நிலத்தைப் பார்த்திருந்தார்.
அவருடைய காதையே பார்த்து வரைந்தேன்,
அழுத்தமான கோட்டில்,
நிழலும் போட்டு.
"இவன்தான்" என்றார்.
காசு வேண்டாம் என்றதற்கு
நிவாரணப் பருப்பில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்.

தேநீர் நேரம் இதைச் சொல்லி
அந்தக் காதைப் புள்ளியாக விட்டிருக்க வேண்டுமா என்று கேட்டேன்.
ஸிஹாறா கோப்பையைக் கீழே வைத்தார்.
"பல்லைத் தேடி அதிர உம்மா வாறதில்லயே."
கொஞ்சம் பொறுத்து, "தெரியாது."
காலையில் சொன்ன அதே சொல். குரல் வேறு.

பின்னேரம் கிதுர்சன் சொப்பிங் பையை அவிழ்த்தான்.
கிணறு வெட்டக்குள்ள வந்த கல்லாம்.
முருகைக்கல். உள்ளே பாதிச் சிப்பி.
"டைனோசர் காலமா மிஸ்?"
"இல்ல மகன், இது முந்தாநாள் மாதிரி.
ஐயாயிரம் வருசம் இருக்கும், ஆறாயிரம் இருக்கும்."
ஏமாந்துபோய்ப் பையில் போட்டவன்
திரும்ப எடுத்தான்.
"அப்ப எங்கட வளவு கடலா?"
பதில் வருமுன் வரையத் தொடங்கிவிட்டான்:
கிணறு கோடு, பூவரசு கோடு,
மாட்டுக் கொட்டில், தண்ணீர்த் தாங்கி, தகரக் கூரை கோடு.
கூரைக்கும் மேலால்
தாளின் விளிம்புவரை புள்ளி புள்ளியாக
ஓர் அலை.
அவனுக்குப் பதினொரு வயது.
குலேந்தினி ரீச்சர் அதைப் பார்த்துவிட்டு
யன்னலைச் சாத்தப் போனார்.
காற்று ஒன்றும் இல்லை.

பஸ்சுக்கு நேரமாகியபோது
ஆண்டு மூன்றுப் பிள்ளையொன்று ஓடிவந்து
தன் நண்டுக்கால் அச்சை என் கையில் வைத்தாள்.
உயிர்ச்சுவடு என்று எழுதவேண்டிய சீட்டில்
உயிர்ச்சூடு என்று எழுதியிருந்தாள்.
சாந்து இறுகும்போது சுடும்.

மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பனிச்சங்கேணிப் பாலம்வரை இருந்தது.