நின்றால் ஒழுகும்

காலையில் அட்டையை உருவிப் பார்க்கிறேன்.
ஃபிரிட்ஜ் வந்த அட்டை.
நேற்றைய சொட்டைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு
'செவ்வாய்' என்று எழுதியிருந்தேன்.
பக்கத்தில் புதிதாக ஒரு புதன்,
ஐந்து ரூபாய் நாணயம் அகலம்.
தொட்டு முகர்ந்தால் கந்தகம்.
என்ஜின் இல்லை, கியர்பாக்ஸ்தான்.

அறுபத்தெட்டாம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு,
இதே ஊரில் பிறந்த வண்டி.
பெரம்பூர் கில்பர்ட்டிடம் வாங்கினேன்.
"கியர் சத்தமே இருக்காது சார்" என்றார்.
இருக்கவில்லை.
நான் மோட்டார் காப்பீட்டு சர்வேயர்,
நொறுங்கியவற்றுக்கு விலை சொல்பவன்;
நொறுங்காததை எப்படிப் பார்ப்பதென்று
யாரும் எனக்குச் சம்பளம் கொடுத்ததில்லை.

அயனாவரத்தில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தத்துக்கு
போன ஆடியில்தான் வெள்ளை டைல் ஒட்டினார்கள்.
செயலாளர் வகுளா மேடம் கறையைப் படமெடுத்துக்
குழுவில் போட்டார். பெயர் குறிப்பிடவில்லை.
நம்பர் பிளேட் தெளிவாக விழுந்திருந்தது.

ஜி.பி. ரோடு, காஜா ஷெரீப் கடை.
"தொண்ணூறா, நூத்திநாப்பதா?"
பருப்பு அளப்பவர்போல் கேட்கிறார்.
தொண்ணூறு, கத்திரி வெயிலில் ரசமாக இறங்கிவிடும்.
நூத்திநாப்பது நிற்கும்தான்,
ஆனால் மார்கழி விடியலில் இரண்டாம் கியர்
பரீட்சை நாளில் எழுப்பப்பட்ட பிள்ளை:
போர்வையை இழுத்துக்கொண்டு வராது.
டப்பாவைத் திருப்பிச் சின்ன எழுத்தைத் தேடுகிறேன்.
ஜிஎல் நாலு, ஜிஎல் அஞ்சு.
அஞ்சு உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள்.
உள்ளே இருப்பவை பித்தளை வளையங்கள்.
அஞ்சில் கலந்த மருந்து
அவற்றைத் தினம் கொஞ்சமாய்,
புளி போட்டுத் தேய்த்தே மெலிந்த சொம்பாக்கிவிடும்.

"கிரீஸ் அடைச்சு விடுங்க சார், சொட்டவே சொட்டாது"
என்றார் பிளக் வாங்க வந்த ஆட்டோக்காரர்.
சொட்டாது, உண்மைதான்.
பல்சக்கரம் ஒருமுறை சுற்றித் தனக்கொரு குகை வெட்டிக்கொண்டு
சுற்றிலும் கிரீஸ் இருக்க
நடுவில் வறண்டு சாகும்.

புதுப்பேட்டையில் ஒருவர் சிவப்புப் பாட்டிலை நீட்டினார்:
ரப்பர் சீல் ஊதி, ஓட்டை தானே அடையுமாம்.
வாங்கிவிட்டேன். நானூற்றெண்பது ரூபாய்.

ஓட்டேரி பூங்காவனம் வண்டிக்கடியில் சறுக்கிப் போய்
அடித்திருகைக் கழற்றினாள்.
எண்ணெய் வரவில்லை. கூழ் வந்தது.
இரு விரலில் பிசைந்து வெளிச்சத்தில் காட்டினாள்.
"மரத்தூள் சார். தேக்குன்னு நெனக்கிறேன்."
கில்பர்ட் எனக்கு விற்ற மௌனம்
வாளியில் கிடந்தது.

சிவப்புப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.
"ஊத வைக்க ரப்பர் வேணுமே?
இதுல முன்பக்கம் சீலே கிடையாது.
தண்டைச் சுத்தித் திருகு மாதிரி வரி இருக்கு.
சுத்துனா எண்ணெயை உள்ள தள்ளும்.
நின்னா தள்ளாது."

ஆறு நாள் உறைக்குள் நிறுத்தி
ஞாயிறு மட்டும் துடைத்துப் பார்த்த வண்டி.

மண்ணெண்ணெய் விட்டு இரண்டு முறை அலசினோம்.
தொண்ணூறுதான், ஜிஎல் நாலு.
பக்கத்துத் துளையில் வழியத் தொடங்கும்வரை.
அதற்குமேல் ஊற்றினால் அது தரையின் பங்கு.

மறுவாரம் முழுக்க ஆபீசுக்கு அதில்தான்.
மரத்தூள் போனதும் முதல் கியர் வாய் திறந்துவிட்டது;
காந்தி இர்வின் பாலம் ஏறும்போது
பஸ்ஸில் இருப்பவர்கள் குனிந்து பார்க்கும் அளவுக்கு ஊளை.
இந்தப் பற்களில் எத்தனை தேய்ந்திருக்கின்றன?
வேறொருவர் வண்டியென்றால் இந்நேரம் எழுதியிருப்பேன்.

அட்டையில் இன்னும் சொட்டு விழுகிறது.
வட்டமிட்டு எழுதுகிறேன்:
வியாழன், புதனைவிடச் சிறியது.
வானத்தில் நடக்காது.
வகுளா மேடத்துக்கு இதைப் படமெடுத்து அனுப்பலாமா
என்று யோசித்துக்கொண்டே
சாவியைத் திருப்புகிறேன்.