கீழ்வீட்டுக் கூரை

வாடகை ஒப்பந்தம் பதினேழு பக்கம்.
நாய் வளர்த்தால் எவ்வளவு,
பால்கனியில் துணி காயப்போட்டால் எவ்வளவு,
எல்லாம் இருந்தது.
சூறாவளி வந்தால் எங்கே போவது என்பதற்கு
பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே வரி:
இங்கே புகலறை இல்லை, அவரவர் பாதுகாப்பு அவரவர் பொறுப்பு.
அதற்கும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஆர்கன்சாவில் ஸ்பிரிங்டேல்.
இவர்கள் கணக்கில் இரண்டாம் தளம்,
நம் கணக்கில் முதல் மாடி,
காற்றின் கணக்கில் வெறும் உயரம்.
சன்னல் அதிகம் என்று
மாதம் நாற்பது டாலர் கூடக் கொடுத்து எடுத்த வீடு.

இரவு ஒன்றரைக்கு
இரண்டு போனும் ஒரே குரலில் அலறின.
பிறகு ஊர்ச் சங்கு.
சங்கு என்றால் மில்லுக்கும் ஊதுவார்கள்,
முடிந்துபோனவனுக்கும் ஊதுவார்கள்.
கீழ்த்தளம், உள்ளறை, சன்னல் இல்லாத இடம்
என்றது போன்.
அறை அறையாகப் போய்ப் பார்த்தேன்,
என் வீட்டை நானே வாடகைக்குப் பார்க்க வந்தவன்போல.
குளியலறைக்கும் ஒரு சன்னல்.
அலமாரியறைக்குள் நான்கு பெட்டி, ஒரு தொட்டில்,
மூன்று பேர் நிற்க இடமில்லை.

மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் தென்றல்.
அந்த நேரத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட
வாய் வரவில்லை. "பாப்பா" என்றேன்.
அவளுக்கு சைக்கிள் ஹெல்மெட்.
அரசி
ஒரு கையில் பாஸ்போர்ட்டுகள்,
தலையில் இட்லிக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.

வெளிப்படிக்கட்டில் ஆலங்கட்டி, புளியங்கொட்டை அளவு.
இறங்கும்போதுதான் உறைத்தது
யார் கதவைத் தட்டப் போகிறேன் என்று.
கோழி ஆலையில் இரவு வேலை,
பகலில் தூங்குகிற மனிதர்.
எங்கள் கிரைண்டர் மேல் மூன்று புகார் எழுதிக் கொடுத்தவர்.
அது போதாதென்று துடைப்பக் கட்டையால்
கூரையில் இரண்டு இடி.
அவர் கூரை என்றால் என் தரை.
பதினாலு மாதம், முகம் பார்த்ததில்லை.

தட்ட வேண்டியிருக்கவில்லை.
கதவைத் திறந்து பிடித்தபடி
மழையில் பாதி நனைந்து நின்றிருந்தார்.
"எங்கே இன்னும் காணோம் என்று பார்த்தேன்."

சன்னல் இல்லாத குளியலறை.
தொட்டிக்குள் அவருடைய இரண்டு பையன்கள்,
தென்றலை நடுவில் இறக்கிவிட்டார்கள்,
மேலே மெத்தை.
மூடிய கழிப்பறை மேல் அவர் மனைவி,
கதவோரம் நாங்கள் முழங்காலோடு முழங்கால் இடித்து.
பெயர் பிலிமோன் என்றார்.
மார்ஷல் தீவுகள்.
அங்கே கடல் ஏறினால் ஓடி ஏற மேடு இல்லை,
இங்கே இறங்கி ஒளியப் பள்ளம் இல்லை
என்று தன் ஈரக் கால்களைப் பார்த்துச் சொன்னார்.

விளக்கு போனது.
ரயில் வருவதுபோல் இருக்கும் என்பார்கள்.
எனக்கு அது கிரைண்டராகத்தான் கேட்டது.
ஊரையே உளுந்தாக ஊறப்போட்டு
யாரோ மேலே
குழவியை இறக்கிவிட்டார்கள்.
காது அடைத்தது. கதவு உள்வாங்கி உப்பியது.
இருட்டில் பிலிமோன் சொன்னார்:
"இந்தத் தடவை நீ இல்லை."

அரசிதான் முதலில் சிரித்தாள்.
குண்டான் கழன்று தரையில் உருண்டது,
வெகுநேரம் சுழன்று அடங்கியது.
அது அடங்கியபோது
வெளியே வெறும் மழை.

சூறாவளி இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தது.
அந்த இரண்டு தெருவில் இருந்தவர்களைப் பற்றி
எனக்குச் சொல்லத் தெரியாது.
எங்களுக்கு உடைந்தது சன்னல்தான்,
நாற்பது டாலர் சன்னல்.
விடியும்வரை அவர் வீட்டுத் தரையில் படுத்து
கூரையைப் பார்த்திருந்தேன்.
என் கிரைண்டர் நிற்கும் இடத்தின் அடியில்
வட்டவட்டமாய்க் கட்டைத் தடம்.

கரண்ட் வந்து ஒன்பது நாள் கழித்து,
சனிக்கிழமை,
பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துக் கீழே போட்டு
மாவு ஓட்டினேன்.
நண்பகலில் ஒத்திகைச் சங்கு ஊதியது.
கீழேயிருந்து இரண்டு தட்டல்.
கிரைண்டருக்கா சங்குக்கா, தெரியவில்லை.
நிறுத்திவிட்டு
குதிகாலால் இரண்டு தட்டினேன்.