ப்ரூர்

பதினெட்டு நிமிடப் படம்.
போருக்கு அதில் நாற்பது விநாடிதான் இடம்,
அதுவும் ஓசையாக மட்டும்.
விமானங்கள் என் பொறுப்பு.

டோர்னியோ ரயில் நிலையத்தில் டிசம்பர்ப் பகல்
மூன்று மணி நேரம்கூட நிற்காது.
வெளிச்சம் போவதற்குள்
ஒரு குழந்தையை ஸ்வீடனுக்கு அனுப்ப வேண்டும்,
மூன்று வருடம் கழித்து
அவளைத் திரும்ப இறக்கவும் வேண்டும்.
இயக்குநர் வில்ஹெல்மீனா
கையுறையைப் பல்லால் கழற்றி
அட்டவணையில் கோடு அடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கையாக நடித்த ஹெல்காவின் கழுத்தில்
அட்டைச் சீட்டு: பெயர், எண், சேருமிடம்.
சட்டைக்குள் குத்திய மைக்கில் அது உரசி உரசி
வசனங்களின் மேல் மணல் கொட்டியது.
சீட்டை உள்ளே தள்ளிவிடலாமா என்றேன்.
சீட்டுதான் படமே என்றாள்.

எய்னாரியை ஆலோசகர் என்று அழைத்திருந்தோம்.
எண்பத்தெட்டு வயது, மடக்கு நாற்காலி, ஒரு குடுவை காப்பி.
நாற்பத்து நான்கில் மருத்துவர்
இருவர் நெஞ்சிலும் குழல் வைத்துக் கேட்டுவிட்டு
தங்கை இர்யாவை மட்டும் ரயிலேற்றச் சொன்னாராம்.
"எனக்குச் சளி" என்றார்,
இன்னும் அது தீராததுபோல மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கடைசிக் காட்சி எழுதியிருந்தபடி:
ரயில் நிற்கிறது. அண்ணன் ஓடுகிறான். தழுவிக்கொள்கிறார்கள்.
மூன்றாவது டேக் முடிந்ததும்
பள்ளிப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார்.
"நாங்கள் தழுவிக்கொள்ளவில்லை."
பிறகு?
"ரொட்டி கொடுத்தேன்."

வில்ஹெல்மீனா சூரியனைப் பார்த்தாள்,
அது மரங்களுக்கு மேலே ஒரு சாண்.
நன்றி எய்னாரி. நான்காவது டேக்.
அது நன்றாக வந்தது.
படத்தில் இருப்பது அதுதான்.

லென்ஸ் மாற்றும் இடைவெளியில்
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.
நான் கருவியை நிறுத்தவில்லை.

"மூன்று வயதில் போனவள் ஆறு வயதில் வந்தாள்.
எங்கள் மொழி மொத்தமும் அவள் வாயிலிருந்து
பால்பல்லோடு பால்பல்லாக விழுந்துவிட்டிருந்தது.
உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து
ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.
எனக்கும் ஸ்வீடிஷில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும்,
நிவாரண மூட்டையில் படித்தது.
ப்ரோட்: ரொட்டி.
பிள்ளைக்குப் பசி என்று ஓடினேன்.
கருத்த ரொட்டி, அன்றைக்கு அதுதான் முழு வீட்டுக்கும்.
தடிமனாக ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தேன்.
கையில் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.
மறுபடியும் அதையே சொன்னாள்.
இன்னொரு துண்டு அறுத்தேன்.
மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை."

குடுவை மூடியில் காப்பி ஊற்றினார்,
குடிக்கவில்லை.

"எனக்கு முப்பத்தொன்று வயது. காகித ஆலை.
ஸ்வீடனிலிருந்து இயந்திரம் பொருத்த வந்தவன்
பக்கத்தில் நின்றவனின் தோளைத் தட்டி
அறிமுகம் செய்தான்: மின் ப்ரூர்.
என் உடன்பிறந்தவன்.
உருளைகளின் இரைச்சலுக்குள்ளும் கேட்டது எனக்கு.
ப்ரூர்.
அவள் ப்ரூர் என்றுதான் சொல்லியிருக்கிறாள்."

இர்யா இப்போது?
"பதினேழில் திரும்பிப் போனாள், அவளாகவே.
இந்த முறை கழுத்தில் சீட்டு இல்லை.
ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.
அங்கே மழையா, இங்கே பனியா, அவ்வளவுதான்."

பிறகு, கேட்காமலே:
"அவளுக்குப் பசியே இல்லை, தெரியுமா.
ரெண்டு துண்டையும் தின்றாள்."

படப்பிடிப்பு முடிந்ததும் எங்களுக்கு ஒரு வழக்கம்:
யாரும் அசையாமல் முப்பது விநாடி,
அந்த இடத்தின் வெறும் ஓசையைப் பதிவது.
வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை.
அன்று விழுந்தவை:
குளிரில் சுருங்கும் தண்டவாளம்,
தகரக் கூரையில் பனித்தூள்,
ஹெல்காவின் சீட்டு ஒருமுறை,
ஒரு மூக்குறிஞ்சல்.

"யார் அது? இன்னொன்று எடுத்துவிடலாமா?"
வில்ஹெல்மீனா கேட்டாள்.
வெளிச்சம் போய்விட்டது என்றேன்.
ஓசைக்கு எதற்கு வெளிச்சம் என்று
அவள் கேட்கவில்லை.