ஏழாம் எண்

பதினொரு வீடுகள், ஒரே ஒரு பழுப்பு உறை.
விதி இவ்வளவுதான்:
வந்ததும் பிரி. எல்லோருடையதையும் வாசி.
போன சுற்றில் நீ வைத்ததை எடுத்துக்கொண்டு
புதிதாய் ஒன்றை வை.
இரண்டு வாரத்துக்குள் அடுத்த எண்ணுக்கு அனுப்பு.

மூன்று ஆண்டுக்கொரு ஜூலையில்
கனோராவுக்கு வெளியே ஒரு கூடத்தில்
வாசில்சுக் குடும்பம் மொத்தமும் கூடும்.
நடுவில் கிடக்கும் முப்பத்தைந்து மாதங்களை
இந்த உறைதான் சுமக்கிறது.
ஐரீனின் மூட்டுவலி,
ஒயிட்ஹார்ஸிலிருந்து ஓர் ஓநாயின் கால்தடம், அளவு மாறாமல் வரைந்தது,
மெத்தோடியின் பல் எக்ஸ்ரே (ஏன் என்று அவன் சொல்லவில்லை),
பெரோஹிக்குள் பாலாடைக்கட்டியா முட்டைக்கோஸா என்று
ஆறு சுற்றாய் ஓயாத சண்டை.

நான் ஏழாம் எண்.
வாசில்சுக் இல்லை. ஒருகாலத்து மாப்பிள்ளை.

லெசியாவும் நானும் பிரிந்தபோது
வக்கீல்கள் ஒரு கரண்டி விடாமல் பங்கிட்டார்கள்.
வீடு அவளுக்கு, லாரி எனக்கு,
ஏரிக்கரைக் குடிலை விற்றுப் பாதிப் பாதி.
உறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
பட்டியலில் என் பெயருக்குக் கீழே
பென்சிலால் அவளே எழுதிக்கொண்டாள்: 7அ.
பதினான்கு வருடமாகிறது.
அதை யாரும் அழிக்கவுமில்லை,
அதன்மேல் பேனாவை ஓட்டவுமில்லை.

ஆக, உறை என்னிடமிருந்து அவளுக்குப் போகும்.
நான்கு தெரு தள்ளி இருக்கிறாள்.
தபால்தலை தண்டம் என்று நடந்தே போவேன்.
பெட்டியில் போடுவேன். மணி அடிப்பதில்லை.
அவள் எழுதியதை நான் வாசிக்க
உறை பாதி நாட்டைச் சுற்றி வரவேண்டும்.
மளிகைக் கடையில் ஒருநாள்
கைத்தடியோடு முட்டை வாங்கிக்கொண்டிருந்தாள்.
தலையசைத்தேன், கேட்கவில்லை.
கடிதத்தில் வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது, எட்டு மாதம் கழித்து:
இடுப்பு எலும்பு மாற்றியாயிற்று, இப்போது பரவாயில்லை.

போன வருடம் பிள்ளைகள்
கைபேசியில் ஒரு குழு தொடங்கினார்கள்.
அறுபத்து நான்கு பேராம். கேக்குகள், கட்டைவிரல்கள்.
அப்படி ஒன்று இருப்பதே
ஐரீனின் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.
நியாயம்தான். எந்தக் கணக்கில் என்னைச் சேர்ப்பார்கள்?

அப்புறம் உறையும் நின்றது.
அக்டோபரில் வந்திருக்க வேண்டும்.
நவம்பர் போயிற்று. கிறிஸ்துமஸ் போயிற்று.
ஜனவரியில் எங்களுடைய இன்னொரு கிறிஸ்துமஸும் போயிற்று.
பெட்டியில் விதைக் கம்பெனியின் விலைப்பட்டியல் மட்டும்.
ஒருவழியாக யாரோ
ரப்பரைத் தேடி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.
பென்சிலில் இருந்தது நானில்லை என்பது
அப்போது ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஆறாம் எண் என் வாசலில் நிற்கிறான்.
எல்மர், லெசியாவின் தங்கை புருஷன்.
சகலை என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை,
கூப்பிட வேறு சொல்லும் இல்லை.
பிரின்ஸ் ஆல்பர்ட்டிலிருந்து ஐந்து மணி நேரம்
பனியில் ஓட்டி வந்திருக்கிறான்.
உறையில் காபிக் கறை வட்டம், ஒன்றன்மேல் ஒன்றாய்.

"ஆலையில் அனுப்பிவிட்டார்கள். செப்டம்பரிலேயே.
அதை எழுத வரவில்லை.
எழுதாமல் அனுப்பவும் மனசில்லை."

போர்ஷைச் சூடாக்கினேன்.
அவன் சாப்பிட்டான். நானும்.
"உன்னைத் தாண்டி அவளுக்கே போட்டிருக்கலாம்" என்றான்,
"ஆனால் ஆறுக்கு அப்புறம் ஏழுதானே."

மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்து எழுதினோம்.
அவன் நான்கு வரி.
நான் பனி தள்ளும் இயந்திரத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.
அவன் வந்ததை எழுதவில்லை. அது அவன் செய்தி.

இரவே நடந்தோம்.
காலடியில் பனி நொறுங்கிற்று.
அவள் சமையலறையில் விளக்கு எரிந்தது.
பெட்டியின் மூடியை நான் தூக்குவதற்குள்
எல்மர் மணியை அடித்துவிட்டான்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கைத்தடிச் சத்தம் இல்லை.
"யாரது, இந்நேரத்தில்?"

"ஆறும் ஏழும்" என்றான் எல்மர்.