லேபிள் அறைக் கணக்கு

தடாவில் எங்கள் கொட்டகைக்கு நடுவே
ஒரு நீலத் திரை தொங்கியது.
இந்தப் பக்கம் கிலன், அந்தப் பக்கம் தோர்வே.
கிலனுக்கு ஒடிந்த கோடு ஒன்று.
தோர்வேக்கு வாலில்லாப் பறவை.
ஒரே பசை வாளி, ஒரே அடி அச்சு,
மதியம் ஒரே சாம்பார்.
ஷூவின் நாக்கில் தைக்கிற பெயர் மட்டும் வேறு.

கிலன் ஆய்வாளர் வரும் நாளில்
தோர்வே பெட்டிகளைத் தார்ப்பாயால் மூடுவோம்.
தோர்வே ஆள் வந்தால் கிலனுக்குத் தார்ப்பாய்.
முறுக்கிக்கொண்ட சம்பந்திகள் இருவர்
பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்துவிடக் கூடாதென்று
ஓடுகிற ஓட்டம்
ஓடியிருக்கிறேன் ஆறு வருஷம்.

லேபிள் அறைச் சாவி என்னிடம்.
ஆயிரம் ஜோடிக்கு இரண்டாயிரம் பெயர்.
ஒன்று குறைந்தாலும் பஸ் கிளம்பாது.
ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு
தேசராணியின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள்.
பறவை மெஷினுக்கு அடியில் கிடந்தது.
அவள் பஸ்ஸில் முடிந்துகொண்டே வந்தாள்,
யாரோடும் பேசவில்லை.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை
திரையைக் கழற்றினார்கள்.
துவைக்கத்தான் என்று நினைத்தேன்.
சூப்பர்வைசர் பென்சலய்யா
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"ரெண்டூ ஒக்கட்டே அம்மா இப்புடு."
ஏதோ ஒரு தாய் நிறுவனம்
இரண்டையும் வாங்கிவிட்டதாம்.
அந்தத் தாய்க்கு மேலே ஒரு நிதி நிறுவனமாம்,
அதற்கு ஊர் கிடையாது, தபால் பெட்டி மட்டும்.
அப்போ பெத்தது யாரு என்றேன்.
பெற்றவர் விற்று வெகுநாள் ஆகிறதாம்.
வாங்குகிறவர்தான் தாய்.
இதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கும்,
அந்த நேரத்தில் எனக்கு வாயில் வரவில்லை.

ஒரு வீட்டில் எதற்கு இரண்டு அடுப்பு?
தோர்வேயை அணைத்தார்கள்.
மிச்சம் நாற்பத்தோராயிரத்து இருநூறு பறவை
அரைக்கும் மெஷினில் போட வேண்டும்.
வீடியோ எடுக்க ஒரு பையன்,
கையெழுத்துக்கு நான்.
மூன்று தடவை எண்ணினேன்.
இருபத்து நான்கு குறைவு.
காரணம் என்ற கட்டத்தில்
எலி என்று எழுதினேன்.
பென்சலய்யா கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடாமல்
என் சோற்றுத் தூக்கைப் பார்த்தார்.

ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில்
சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப்
பாட்டில் தேடினார்கள்.
பறவை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

எங்களுக்குப் பொங்கல், அவர்களுக்குச் சங்கராந்தி,
ஏரிக்கரை மணலில் வாலிபால்.
இந்தப் பக்கத்துப் பையன்களுக்குச் சட்டை தைத்தவள்
எல்லைச் சாலை நவநீதம்.
அந்தப் பக்கத்துக்குத் தைத்தவளும் அவளே.
பச்சைத் துணி ஒரே கட்டாக மலிவாய்க் கிடைத்ததாம்.
இரண்டு டீமிடமும் அதைச் சொல்லவில்லை.
வலைக்கு இப்புறமும் அப்புறமும்
நெஞ்சில் பறவையோடு வந்து நின்றார்கள்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார்,
எடுத்தார்.
எவன் எந்தப் பக்கம்? ஒரு டீம் சட்டையைக் கழற்றுங்கப்பா.
யாரும் அசையவில்லை.
புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையாதது.
"அந்த நீலத் திரைய இங்க கொண்டாந்து கட்டச் சொல்லுடி"
என்றாள் தேசராணி என் காதில்.
ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

காசு சுண்டினார்கள்.
தோற்றவர்கள் கழற்றி மணலில் வைத்தார்கள்.
வெற்றுடம்பெல்லாம் ஒரு பக்கம்,
கம்பெனி ஒரு பக்கம்,
ஆட்டம் தொடங்கிவிட்டது.

யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.
பழக்க தோஷம்.
ஓரத்தில் உட்கார்ந்த மாற்று ஆட்டக்காரர்கள்,
மணலில் கிடந்த சட்டைகள்,
எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்து மூன்று.