பொடி மட்டும், லென்ஸ் இல்லாமல்

வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் போகிற ஒழுங்கையில்
சைவச் சாப்பாட்டுக் கடையின் மாடி.
மாதத்தின் இரண்டாம் சனி, நாலரை மணி.
மேசைகளை ஒட்டிப் போட்டால் பதினொரு பேர் இருக்கலாம்,
ரொசைரோ வந்தால் பத்துப் பேர்.

இன்றைக்கு உதேனியின் தொலைபேசியில் ஒரு படம்.
இனி வரப்போகிற கமரா.
எந்தத் தொழிற்சாலையிலோ யாரோ ஒருவர்
மேசைக்கடியில் வைத்து எடுத்திருக்க வேண்டும்:
நடுக்கம், மங்கல், பாதி விரல்.
உலகத்தின் மிகக் கூர்மையான கண்
எங்களிடம் வந்து சேர்ந்த கோலம் அது.

தலைகள் குனிகின்றன.
"மேல்பக்கத்தில ஒரு திருகு கூடியிருக்கு."
"அது திருகில்லை, நிழல்."
"நிழலுக்குப் பல்லிருக்குமோ?"
இர்பாத் இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெருப்பிக்கிறான்.
பெருக்கப் பெருக்கச் சதுரங்கள்.
சாம்பல் சதுரம், கறுப்புச் சதுரம்,
அவற்றுள் ஒன்றைத் தொட்டு
"இதுதான் ரெண்டாவது கார்ட் போடுற இடம்" என்கிறான்,
பிறை கண்டவன் குரலில்.

"பொடி எப்ப வரும்?" என்கிறார் வாமதேவன்.
"பொடி பிந்தும். மாசியாகும்."
தட்டுகள் அடுக்கிய கையோடு நின்ற தம்பி
"பொடி இருக்கண்ணை, இட்டலிதான் முடிஞ்சுது" என்கிறான்.
நாங்கள் சிரித்து முடிய ஒரு ரயில் போய்விடுகிறது.

பிறகு விலை.
விலைக்கு வந்தால் குரல்கள் இறங்கும்.
டொலரைப் பெருக்கி, சுங்கத்தைக் கூட்டி,
அதன்மேல் வரி, வரியின்மேல் இன்னொரு வரி,
வாமதேவன் பில்லின் பின்பக்கத்தில் எழுதி எழுதி
தாள் முடிந்து உள்ளங்கைக்கு வருகிறார்.
"டோஹாவில இருந்து மச்சான் கொண்டுவருவான்,
கழுத்தில போட்டுக்கொண்டு, பழசு மாதிரிக் கொஞ்சம் மண் பூசி."
"என்ர மச்சான் சொக்கலேட்டே கொண்டுவரமாட்டான்."

நான்தான் இன்றைக்கு அதிகம் பேசினேன்.
இரண்டு கார்ட் கட்டாயம் வேண்டும் என்றேன்.
கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணம்,
தாலி ஏறிய நிமிடத்தில் கார்ட் செத்தது;
பெண்ணின் தாய் இன்னும் என்னைக் கண்டால்
தெருவின் மறுகரைக்கு மாறுவாள்.
இருட்டில் முகம் பிடிக்கவேண்டும் என்றேன்.
கோயிலுக்குள் ஐயர் திரும்பிப் பார்க்காத ஷட்டர் வேண்டும்.
ஒரு மின்வெட்டு முழுக்கத் தாங்குகிற பட்டரி வேண்டும்.
எல்லோரும் தலையாட்டினார்கள்,
கம்பனிக்காரன் பக்கத்து மேசையில் இருந்து
குறித்துக்கொள்கிறான் என்பதுபோல.

என் மடியில் கமராப் பை.
உள்ளே ஒரு குடை, தண்ணீர்ப் போத்தல்,
பாரத்துக்காக அரைக்கிலோ பருப்பு.
கமரா செவ்வாய்க்கிழமை புறக்கோட்டையில்
ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் போய்விட்டது,
மூன்று மாத வீட்டு வாடகையாக.

எழும்பும்போது பை கதிரைக்காலில் இடித்தது.
மெத்தென்று ஒரு சத்தம்.
கண்ணாடியும் உலோகமும் அப்படிச் சத்தம் போடாது,
இந்த மேசையில் அது தெரியாத காது இல்லை.
ரொசைரோ தன் பிளேன்டீயைப் பார்த்தார்.
இர்பாத் தொலைபேசியை மூடினான்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
உதேனி மட்டும், தமிழ் பேசும்போது வரும் நிதானத்தோடு,
"நீங்கள் சொன்ன எல்லாம் அதில இருக்கும், பாருங்கோ" என்றாள்.

கீழே இறங்கி, தண்டவாளம் தாண்டி, கற்களில் நின்றோம்.
எப்போதும் அப்படித்தான் முடியும்.
மூடிகள் கழன்றன. கடல் தகரம்போல் கிடந்தது.
நான் வழக்கம்போல வெளிச்சத்தைப் பார்த்து
"இருநூற்றைம்பதில் ஒன்று, எட்டு" என்றேன்.
வாமதேவன் தன் கமராவைக் கேட்காமல்
அப்படியே வைத்தார்.

அலை ஒன்று கல்லில் மோதிச் சிதறியது.
பருப்பு நனையாமல் பையை
நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.